மறுக்கவும் இடமுள்ள அழைப்பு

வரிப்பத்தான்சேனை, இறக்காமம் முதலிய வயற்புறத்து ஊர்களிலிருந்து சம்மாந்துறை வழியாகக் கல்முனைக் கடற்கரைக்கு வருபவர், வழிநெடுகப் பள்ளிவாசல்களின் மினாராக்களையும், காரைதீவை அண்டியதும் கோயில் கோபுரங்களையும் கண்டபின், கல்முனைப் பட்டினத்தில் மெதடிஸ்த தேவாலயத்தையும் கத்தோலிக்க ஆலயத்தையும் காண்பார். ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பஸ்ஸில் நெருக்குண்டு பிரயாணம் செய்து, ஒருவர் வீட்டு மரணத்துக்கு மற்றவர் சென்றுவரும் இப்பிரதேசத்தில், அயலவரின் பண்டிகை எந்த மாதத்தில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அயலவர் தம் சமயத்தின் உயிர்நிலையாக எதைக் கருதுகிறார் என்பதோ அநேகருக்குத் தெரியாது. முஸ்லிம்கள் ஈஸா நபியையும் மர்யம் அவர்களையும் மிகுந்த மரியாதையோடு போற்றுபவர்கள். குர்ஆனில் மர்யம் அவர்களின் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சைவர்களோ இறைவனை அன்பு வடிவினனாக வணங்கப் பழகியவர்கள். ஆயினும், கடவுளின் அன்பு மனிதனுக்கு விலையின்றி விடுக்கப்படும் ஓர் அழைப்பு என்று கிறிஸ்தவர் கூறும்போது, அவர் எதைக் கருதிச் சொல்கிறார் என்பதும், அக்கூற்றுக்கு இந்நாட்டின் சரித்திரத்தில் என்ன நேர்ந்தது என்பதும் நிதானமாக ஆராயத்தக்க விஷயங்களாகும்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறிக் கந்தூரி நடப்பதை இப்பகுதியார் அறிவர். கந்தூரிச் சோற்றுக்கு வருபவனிடம் ஊர் எது, தொழில் எது, தொழுகையில் தவறாதவனா என்று எவரும் விசாரிப்பதில்லை. வந்தவன் உண்பான், வராதவன்மேல் வழக்குமில்லை. இயேசு தம் போதனைகளில் இறைவனுடைய இராச்சியத்தை வருணிக்க எடுத்துக்கொண்ட உருவகங்களுள் முதன்மையானது இத்தகைய ஒரு விருந்தே.

லூக்கா எழுதிய நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்திலே அக்கதை வருகிறது. ஒருவன் பெரிய விருந்தொன்றை ஆயத்தம் செய்து, முன்பே சொல்லிவைத்தவர்களிடம், எல்லாம் தயாராயிற்று, வாருங்கள் என்று வேலைக்காரனை அனுப்புகிறான். அழைக்கப்பட்டவர்களில் ஒருவன் தான் புதிதாக வாங்கிய நிலத்தைப் பார்க்கப் போகவேண்டும் என்கிறான். மற்றொருவன் ஐந்து சோடி உழவுமாடு வாங்கியிருப்பதாகவும் அவற்றை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றும் கூறுகிறான். இன்னொருவன் இப்போதுதான் கலியாணம் முடித்தேன் என்கிறான். நெல்வயலும் உழவும் தெரிந்த நம்மூரார் இக்காரணங்களின் நியாயத்தை நன்கு உணர்வர். மூன்றும் பொய்யல்ல, பாவமுமல்ல, எவரும் சொல்லக்கூடிய நல்ல காரணங்கள்தாம். கதையின் கூர்மையே இதில் இருக்கிறது. அழைப்பை இழந்தவர்கள் துன்மார்க்கர் அல்லர். வேலை அதிகமுள்ள கண்ணியவான்களே. விருந்தளிப்பவன் பின்னர் தெருக்களிலும் சந்துகளிலும் உள்ள ஏழைகளையும் ஊனரையும் குருடரையும் முடவரையும் அழைத்துவரச் செய்கிறான். பதிலுக்கு விருந்து வைக்க இயலாதவர்களைக்கொண்டே அவன் வீடு நிரம்புகிறது.

கிருபை என்று சீர்திருத்தச் சபையாரும், அருள் என்று கத்தோலிக்கரும் பெரும்பாலும் வழங்கும் சித்தாந்தத்தின் சாரம் இந்தக் கதைக்குள் அடங்கியிருக்கிறது. மனிதன் நற்செயல்களைச் சேர்த்துக் கடவுளின் அன்பைச் சம்பாதிக்கிறான் என்பதன்று, கடவுள் முதலில் அன்புகூர்ந்தமையால் மனிதன் நற்செயலுக்குத் தகுதி பெறுகிறான் என்பதே அவர்கள் கொள்ளும் வரிசை. திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் கதையில், விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுதுசாய ஒரு மணிநேரம் இருக்க வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கப்படுகிறது. காலையில் வந்தவன் முறுமுறுக்கிறான். எசமானோ, உனக்குப் பேசிய கூலியில் குறைவில்லையே, நான் தாராளமாய் இருப்பது உன் கண்ணை ஏன் உறுத்துகிறது என்ற கருத்தில் வினவுகிறான். கூலிக்கணக்கை மாத்திரம் அறிந்த மனத்துக்கு இது அநியாயமாகத் தோன்றும். அப்படித் தோன்றவேண்டும் என்பதற்காகவே அக்கதை சொல்லப்பட்டதென்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு முஸ்லிம் வாசகர், அல்லாஹ்வின் ரஹ்மத்தும் தௌபாவின் கதவும் எங்களுக்கும் உண்டே, இதில் புதிதாக என்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்று ஒவ்வொரு கருமத்தையும் தொடங்குகிறவர்களுக்கு இறைவனின் கருணையை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வேற்றுமை இருக்கும் இடம் வேறு. மன்னிப்பின் விலையைக் கடவுள் தாமே இயேசுவின் சிலுவை மரணத்தில் ஏற்றுக்கொண்டார் என்பது கிறிஸ்தவரின் விசுவாசம். இறைவன் மனிதனாக வந்தான் என்பதையும் அச்சிலுவை மரணத்தையும் இஸ்லாம் ஒப்புக்கொள்வதில்லை. இவ்விரண்டையும் ஒன்றென்று பூசி மெழுகுவது இரு சமயங்களுக்கும் செய்யும் அவமரியாதையாகும். விலையில்லாத அழைப்பு என்று கிறிஸ்தவர் சொல்லும்போது, விலையே இல்லையென்பதல்ல, அழைக்கப்பட்டவன் கொடுக்கவேண்டிய விலை இல்லையென்பதே பொருள் என்பதைமட்டும் வாசகர் மனத்திற் கொள்வாராக.

இன்னுமொரு கதை உண்டு, உலகமெங்கும் அறியப்பட்டது. தகப்பன் உயிரோடிருக்கையிலேயே தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போன இளைய மகன், எல்லாவற்றையும் அழித்துப் பன்றி மேய்த்துப் பட்டினி கிடந்து, வேலைக்காரனாகவேனும் சேர்ந்துகொள்ளலாம் என்று திரும்பிவருகிறான். தொலைவிலேயே அவனைக் கண்ட தகப்பன், மரியாதைப்பட்ட கிழக்குத்தேசத்துப் பெரியவர் எவரும் செய்யாததைச் செய்கிறார்: ஓடுகிறார். மன்னிப்புக் கேட்பதற்காக மகன் மனப்பாடம் செய்து வந்த வார்த்தைகளை அவன் முடிக்குமுன்னரே உடையும் மோதிரமும் விருந்தும் ஆணையிடப்படுகின்றன. இத்துடன் கதை முடிந்ததென எண்ணுவோர் பலர். முடியவில்லை. மூத்த மகன் வயலிலிருந்து வந்து, ஆட்டபாட்டத்தின் காரணத்தைக் கேட்டு, கோபமுற்று வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறான். தகப்பன் அவனிடமும் வெளியே வந்து உள்ளே வருமாறு வருந்தி அழைக்கிறார். மூத்தவன் உள்ளே போனானா என்பதை இயேசு கூறவில்லை. கையைப் பிடித்து இழுத்துச் செல்லும் அதிகாரம் அத்தகப்பனுக்கு இருந்தது, வேலைக்காரரும் இருந்தனர், அவர் அதைச் செய்யவில்லை என்பதுமட்டும் தெரிகிறது.

இவ்விடத்திலேதான் என் கட்டுரையின் பிரதான விஷயம் தொடங்குகிறது. அழைப்பு என்று ஒன்றிருந்தால் மறுப்பதற்கும் இடமிருக்கவேண்டும். மறுக்க முடியாத அழைப்பு உத்தரவாகிவிடும். நித்திய ஜீவனைப் பற்றிக் கேட்டு வந்த செல்வனொருவன், சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்தொடருமாறு கேட்கப்பட்டபோது துக்கமுகத்தோடு திரும்பிப் போனான். இயேசு அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறாரேயன்றி, நிபந்தனையைக் குறைத்தாரென்றோ, ஆளனுப்பிப் பிடித்துவரச் செய்தாரென்றோ எழுதவில்லை. அன்பு தன்னை நிராகரிக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறது. மார்க்கத்தில் பலவந்தம் கூடாதெனக் குர்ஆன் விதித்திருப்பதை அறிந்த நம்மவருக்கு இவ்வுண்மை அந்நியமானதன்று.

ஆனால் கிறிஸ்தவ சபை இவ்வுண்மையை எக்காலத்தும் காத்துவந்ததென்று கூறச் சரித்திரம் இடந்தராது. விருந்துக் கதையின் கடைசியில், வீடு இன்னும் நிரம்பாமையால், பெருவழிகளுக்கும் வேலியோரங்களுக்கும் போய் வருந்திக் கேட்டு உள்ளே கொண்டுவா என்று எசமான் வேலைக்காரனுக்குச் சொல்கிறான். வெட்கப்பட்டுத் தயங்கும் ஏழையை மீண்டும் மீண்டும் வேண்டி அழைக்கும் உபசாரம் அது. எந்தத் தமிழ் வீட்டுக்கும் அது தெரியும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆபிரிக்காவில் டொனேற்றஸ் கட்சியாரென்னும் பிரிவினரோடு நீண்டகாலம் வாதாடிச் சலித்த புனித அகுஸ்தீன், அரசின் தண்டனையைக்கொண்டு அவர்களைச் சபைக்குள் திருப்புவது தகும் என்பதற்கு அந்த வாக்கியத்தையே ஆதாரமாக்கினார். கிருபையைப் பற்றி அவரைப்போல் ஆழமாக எழுதியவர் வேறிலர். அவரே அதற்குச் சட்டத்தின் கைப்பிடியை மாட்டியது சரித்திரத்தின் கொடிய முரண்களில் ஒன்று. அவ்வியாக்கியானம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாளுக்கு உறையாயிருந்தது. பிரான்சில் 1685 ஆம் ஆண்டு சீர்திருத்தச் சபையாருக்கிருந்த வழிபாட்டுச் சுதந்திரம் பறிக்கப்பட்டபோது, பியேர் பேல் என்னும் அறிஞர் மறு ஆண்டே அந்த ஒரு வாக்கியத்தின் தவறான உரையைக் கண்டிப்பதற்கென்றே ஒரு பெருநூல் எழுத வேண்டியிருந்தது.

அந்த வாள் நம் தீவுக்கும் வந்தது. போர்த்துக்கேயர் 1626 ஆம் ஆண்டில் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுக்கு அடைக்கலமளித்து, அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது சரித்திர நூல்கள் கூறும் செய்தி. சிலுவைக்கொடி பறந்த கப்பல்களில் வந்தவர்கள் துரத்தினார்கள். பௌத்த அரசன் அழைத்தான். இலவச அழைப்பின் இலக்கணம் எது என்று கேட்டால், அவ்வாண்டில் அது யாரிடமிருந்தது என்பதைக் கிறிஸ்தவர்களும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஒல்லாந்தர் வழி வேறு. அவர்கள் துரத்துவதைவிடக் கணக்கெழுதுவதில் வல்லவர்கள். முதலியார் பதவி முதலான உத்தியோகங்களுக்கு ஞானஸ்நானம் தகுதியாக்கப்பட்டது. விவாகமும் பிள்ளைகளின் உரிமையும் தேவாலய, பாடசாலைத் தோம்புகளில் பதியப்பட்டன. ஆகவே காணி வேண்டியவனும், பதவி வேண்டியவனும், பிள்ளைக்குச் சட்டபூர்வமான பெயர் வேண்டியவனும் தேவாலயத்துக்குப் போனான். காலையில் ஞானஸ்நானத்துக்குத் தலைகுனிந்தவன் மாலையில் தன் பழைய கோயிலுக்கோ விகாரைக்கோ போய் வணங்கியதில் வியப்பென்ன? ஆங்கிலேயர் 1796 இல் கரையோரத்தைக் கைப்பற்றி, அந்நிர்ப்பந்தத்தைக் கைவிட்டதும் நடந்ததை, பின்னாளில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1850 இல் வெளியிட்ட நூலில் விவரிக்கிறார்: நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டிருந்ததாகக் கணக்கிடப்பட்ட சீர்திருத்தக் கிறிஸ்தவர் தொகை, பத்தாண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே இறங்கிற்று. யாரும் அவர்களைத் துன்புறுத்தவில்லை. ஏட்டிலிருந்தவர்கள் ஏட்டோடு போனார்கள்.

அதே ஒல்லாந்தர் காலத்தில், அதே தீவில், அதற்கு நேர்மாறான ஒரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்தமையால் பல ஆண்டுகள் ஒரு குருவேனும் இல்லாமற் கிடந்த கத்தோலிக்கரைத் தேடி, யோசேவாஸ் என்னும் குரு 1687 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். 1651 இல் கோவாப் பிரதேசத்தில் பிறந்த கொங்கணிப் பிராமண வமிசத்தவர் அவர், ஐரோப்பியர் அல்லர். 1560 முதல் சமய விசாரணை மன்றத்தின் கெடுபிடியை அனுபவித்த கோவாவிலிருந்து, கையில் எவ்வித அதிகாரமும் இல்லாமல், பிச்சைக்காரனைப்போல் உடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டது கவனிக்கத்தக்கது. போர்த்துக்கேய அரசின் பாதுகாப்பில் அவர் வரவில்லை. அவ்வரசு இத்தீவைவிட்டு அகன்று ஒரு தலைமுறை ஆகியிருந்தது. வந்திறங்கும்போதே வயிற்றுளைச்சலால் சாகக்கிடந்தவருக்கு, பெயரறியாத ஓர் ஏழைப்பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். பின்னர் செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவர் கண் கலங்குகிறதோ, அவர் கத்தோலிக்கர் என்று அறிந்துகொள்வதற்காக. சில்லாலையில் அவருக்கு மறைவிடம் கிடைத்தது. தமிழையும் சிங்களத்தையும் கற்றார்.

1692 இல் கண்டிக்குச் சென்றபோது, அங்கிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று கோள்சொல்ல, இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறைவைத்தான். சிறையிலே அவர் காட்டிய சாந்தத்தைக் கண்டு காவல் தளர்ந்தது. காலப்போக்கில் அரசன் அவருக்கு நடமாடும் சுதந்திரத்தையும் கொடுத்தான். இது தற்செயலன்று. ஒரு பௌத்த இராசதானியில் கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு, ஐரோப்பாவின் கிறிஸ்தவ இராசதானிகள் பல தம்முள் மாறுபட்ட கிறிஸ்தவர்களுக்கே கொடுக்க மறுத்த சுதந்திரம் கிடைத்தது.

பிறகு 1697 ஆம் ஆண்டு கண்டிமாநகரில் பெரியம்மை பரவிற்று. அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றவர்களை அவரவர் வீட்டாரே காட்டோரங்களில் விட்டுச் சென்றனர். அக்காலத்தில் அதற்கு வேறு பரிகாரம் தெரியாது, ஆகையால் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. யோசேவாஸ் முனிவரும், அவ்வாண்டில் வந்து சேர்ந்த அவருடைய சகோதரி மகனான கர்வாலியோ குருவும் நகரிலே தங்கினர். கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசைகள் கட்டினர், வெந்நீரும் கஞ்சியும் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தவர்களைத் தோளில் சுமந்து புதைத்தனர். நோயாளியின் சமயம் எது என்பது அங்கே கேட்கப்படவில்லை. நோயாளிகளிற் பெரும்பாலார் கிறிஸ்தவர் அல்லர் என்பதை அந்நகரின் இயல்பே கூறும். கஞ்சியோடு ஞானஸ்நானத்தைக் கலந்து கொடுத்தார் என்று அவருடைய எதிரிகளும் சொன்னதாகத் தெரியவில்லை. கேட்டவர்களுக்கு அவர் தம் வேதத்தை மறைக்கவுமில்லை. கொடுப்பதும் சொல்வதும் தனித்தனியே நின்றன. அதனாலேயே இரண்டும் நம்பப்பட்டன. 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆந் திகதி கண்டியில் அவர் இறந்தார். 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 இல் கொழும்புக் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்நாட்டுக் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஏழரை வீதம். அவர்களிற் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஒல்லாந்தர் சட்டத்தால் வளர்த்த சபை மிகச் சிறிய எச்சமாகவே நிற்கிறது. அச்சட்டத்தால் நசுக்கப்பட்ட சபை தழைத்திருக்கிறது. இதற்கு முந்திய போர்த்துக்கேயர் காலமும் பிந்திய ஆங்கிலேயர் கால மிஷன்களும் காரணங்களாயிருந்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும், குருவின்றிக் கிடந்த அந்த இடைக்காலத்தில் அச்சபையை உயிரோடு வைத்தது பதவியுமன்று, காணியுமன்று என்பதில் ஐயமில்லை.

கிழக்குக் கரைக்கு மெதடிஸ்தர் வந்த வரலாறும் இத்தகைய ஒரு பலவீனத்திலேயே தொடங்குகிறது. கலாநிதி தோமஸ் கோக் தலைமையில் புறப்பட்ட மிஷனரிமாருள், தலைவரான கோக் 1814 ஆம் ஆண்டு மே மாதம் நடுக்கடலிலேயே இறந்தார்; வில்லியம் ஓல்ட் என்பவரின் மனைவியும் அப்பிரயாணத்திலேயே இறந்தார். மனைவியைக் கடலுக்குக் கொடுத்த ஓல்ட் தன்னந்தனியாக மட்டக்களப்பை அடைந்து, பாடசாலைகளை நிறுவி, ஓராண்டும் நிறைவுறுமுன், 1815 ஏப்ரலில் காலமானார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்றே கணக்கிடுகிறது.

இவர்கள் கொண்டுவந்த போதனைக்கும் ஒல்லாந்தர் சபையின் போதனைக்கும் ஒரு நுட்பமான வேற்றுமை உண்டு. கிருபை தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே உரியது, அவர்களால் அதை எதிர்க்கவும் இயலாது என்பது ஒல்லாந்தர் சபை 1618-19 இல் டோர்ட் நகரத்து மகாசபையில் நிலைநாட்டிய கல்வின் மதக் கொள்கை. மெதடிஸ்த இயக்கத்தின் தாபகரான யோன் வெஸ்லி 1739 இல் பிறிஸ்டல் நகரில் ஆற்றிய பிரசங்கத்தில் அதை மறுத்து, கிருபை எல்லாருக்கும் இலவசம், ஏற்பதும் தள்ளுவதும் மனிதன் பொறுப்பு என்று வாதித்தார். தேவாலயக் கதவுகள் தமக்கு அடைபட்டபோது நிலக்கரி தோண்டும் தொழிலாளரிடம் வெளியிடங்களில் நின்று பேசினார். வைணவ நூல் கற்ற தமிழருக்கு இவ்வாதம் புதியதன்று: தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல் இறைவன் அடியாரைக் கொள்கிறான் என்று தென்கலையாரும், குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் அடியாரும் பற்றவேண்டும் என்று வடகலையாரும் நூற்றாண்டுக் கணக்காக வாதாடிய விஷயமே இது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858 இல் ஞானஸ்நானம் பெற்ற திருநெல்வேலி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றியபோது, அன்பின் மொழியை எங்கிருந்தோ கடன்வாங்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் முன்னறிந்து தெரிந்தெடுப்பவர் கடவுளே என்று போதித்த ஒல்லாந்தர் சபை ஞானஸ்நானத்தை அரசாங்க உத்தியோகத்துக்கு அனுமதிச்சீட்டாக்கியது வேடிக்கைதான்.

மிஷன் பாடசாலைகள் எப்போதும் தன்னலமற்றவையாய் இருந்தன என்று நான் கூற வரவில்லை. மாணவரை மதம் மாற்றும் நோக்கம் அவற்றின் ஏடுகளிலேயே காணப்படும், அதை எதிர்த்துத்தான் ஆறுமுக நாவலர் முதலியோர் கிளர்ந்தெழுந்தனர். எனினும் அவற்றின் பயன் அந்நோக்கத்தின் எல்லையைத் தாண்டிச் சென்றது. காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவன் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றான். அவன் கிறிஸ்தவனாகவில்லை, இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, விபுலாநந்த அடிகள் என்று தமிழுலகம் போற்றும் பேரறிஞனானான். இதைத் தோல்வியென்று எழுதிக்கொள்ளும் மிஷனரி, விருந்துக் கதையைச் சரிவர வாசிக்காதவரே.

இலவசம் என்பதால் மலிவு என்று பொருளாகாது. மத்தேயு கூறும் விருந்துக் கதையில், கலியாண வஸ்திரமின்றி உள்ளே வந்தவன் வெளியே தள்ளப்படுகிறான். ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சிக்குச் சபைகள் பல தலைசாய்த்திருந்த நாளில், டீட்ரிக் போன்ஹோபர் என்னும் இறையியலாளர் 1937 இல் எழுதிய நூலிலே, மனந்திரும்புதலும் கீழ்ப்படிதலும் இல்லாமல் பெறப்படும் கிருபையை மலிவுக் கிருபை என்று கண்டித்தார். 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார். அழைப்புக்குக் கட்டணமில்லை, வந்தபின் பழைய மனிதனாகவே இருந்துவிடலாம் என்பதுமில்லை.

நம்முடைய காலத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர் ஊராக மண்ணானது. எல்லாச் சமயத்தாரும் உதவினார்கள். உதவிப் பொதியோடு வேதப் பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களும் வெளியிலிருந்து வந்தார்கள் என்ற மனக்குறை அந்நாளில் நாட்டின் பல பாகங்களிலும் எழுந்தது. அதற்கு முன்னரே, அதே ஆண்டில், மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை காக்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தோடு மாறுபடுவன என்று உயர் நீதிமன்றம் கருத்துரைக்க, சட்டமாகாமலே நின்றுவிட்டது. சட்டத்தால் இதைத் தீர்க்க இயலாது என்பதே என் கருத்தும். ஆயினும், பசித்தவனின் கையில் சோற்றோடு சேர்த்துக் கொள்கையைத் திணிப்பவன் செய்வது ஒல்லாந்தர் தோம்பின் வேலையே. அதனை முதலிற் கண்டிக்க வேண்டியவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய பெரிய சபைகளிற் பலர் அவ்வாறு கண்டிக்கவே செய்தனர்.

இதனினும் கடினமான சோதனை 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று வந்தது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தின் வாசலில் அந்நியராய் வந்து நின்றவரோடு சபையார் பேசி, ஆராதனைக்கு வருமாறு அழைத்தனர் என்று அக்காலத்துச் செய்திகள் கூறின. அவர் உடலில் குண்டைக் கட்டிவந்தவர். ஞாயிறு பாடசாலைச் சிறுவர் உட்பட, வந்திருந்தோரிற் பலர் மடிந்தனர். ஐந்து நாட்களின்பின் சாய்ந்தமருதிலும் குண்டு வெடித்துக் குழந்தைகள் மடிந்தனர். அச்செயலோடு எவ்வகைச் சம்பந்தமுமில்லாத முஸ்லிம்கள், நாடெங்கும் சந்தேகக் கண்ணுக்கும் வன்செயலுக்கும் ஆளாயினர். அவ்வேளையில் கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் கர்தினால் பழிவாங்கல் கூடாதென்று தம் மக்களைத் தடுத்தார்; மறு ஆண்டு உயிர்த்த ஞாயிற்றில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார்; நீதி விசாரணை வேண்டுமென்று கேட்பதை அதன்பின்னும் அவர் நிறுத்தவில்லை. மன்னிப்பு வேறு, உண்மையை மூடுவது வேறு என்பதில் அவர் தெளிவாயிருந்தார். வாசலில் அழைத்தவர்கள் தவறு செய்தார்களா என்று கேட்போர் உண்டு. காவலை அதிகரித்திருக்கலாம், அழைத்ததைத் தவறென்று கூற எனக்கு மனம் வரவில்லை.

இச்சித்தாந்தத்தை ஏற்பதோ மறுப்பதோ வாசகர் விருப்பம். அவ்விருப்பத்துக்கு இடம்விடுவதே அதன் சொந்த இலக்கணம் என்பதைத்தான் இவ்வளவு நேரம் கூறினேன். கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் இதுபற்றித் துண்டுப்பிரசுரங்களையும் வாதப்பிரதிவாதங்களையும் கேட்டு முடிவுசெய்வதைவிட, லூக்கா நற்செய்தியின் பதினான்காம், பதினைந்தாம் அதிகாரங்களைத் தாமே ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நலம். தமிழில் நல்ல மொழிபெயர்ப்புகள் உள்ளன. இரண்டையும் வாசிக்க அரை மணிநேரம் போதும்.